உங்களுக்குத் தெரியுமா? அறுந்துபோன ஒரு துண்டு
குழந்தை இல்லையென்றால் நம் வீடுகளில் முதலில் பெண்ணைத்தான் டாக்டரிடம் அழைத்துப் போகிறார்கள். காரணம் ஆணின் ஒய் குரோமோசோமில் இருக்கலாம் என்பது 1976-லேயே தெரிந்துவிட்டது. இத்தாலிய ஆய்வாளர்கள் தியெபோலோவும் சுஃபார்தியும் 1,170 ஆண்களின் குரோமோசோம்களைப் பார்த்தார்கள். விந்தில் ஓர் உயிரணுகூட இல்லாத 6 பேருக்கு ஒய் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு பகுதியே காணோம்!

ஏஇசட்எஃப் என்று பெயர் பெற்ற அந்தப் பகுதியைப் பின்னால் ஏ, பி, சி என்று பிரித்தார்கள். எந்தத் துண்டு இல்லை என்பதைப் பொறுத்துச் சிகிச்சையே மாறும். சி மட்டும் இல்லையென்றால் அறுவை சிகிச்சை செய்து விந்தகத்திலிருந்து உயிரணுவைத் தேடி எடுக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஏ முழுவதும் இல்லையென்றால் அநேகமாகக் கிடைக்காது. அறுவை சிகிச்சையே வேண்டாம் என்பார்கள். கடன் வாங்கிச் சிகிச்சைக்கு வரும் தம்பதிக்கு, எந்தத் துண்டு இல்லை என்பதைக் காட்டும் ஒரு ரத்தப் பரிசோதனை எவ்வளவு பெரிய உதவி!

இன்னொன்றையும் அவர்களிடம் முன்னதாகவே சொல்லியாக வேண்டும். அப்படித் தேடி எடுத்த உயிரணுவைக் கருமுட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் இக்சி முறையில் மகன் பிறந்தால் அவனுக்கும் அதே குறை வரும். மகளுக்கு வராது, அப்பாவின் ஒய் குரோமோசோம் அவளுக்குப் போவதில்லை.