இறக்கை இல்லாத பொம்மை

கூம்பு ஒன்றை நெடுக்குவாக்கில் பாதியாகப் பிளந்தது போன்ற உருவம். இறக்கை கிடையாது. பார்த்தால் குளியல் தொட்டிதான். இது பறக்குமா?

1960களின் தொடக்கத்தில், கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்திலிருந்த நாசா மையத்தில் டேல் ரீட் என்ற பொறியாளர் இந்தக் கேள்வியோடு அலைந்தார். விண்வெளியிலிருந்து திரும்பும் கலத்தின் மெல்லிய இறக்கைகள் வெப்பத்தில் கருகிவிடலாம். மழுங்கிய உடம்பே காற்றில் மிதந்து வருமானால், பாராசூட்டை நம்பிக் கடலில் விழ வேண்டியதில்லை. கணக்கு ஒத்துவந்தது, கேட்டவர்கள்தான் நம்பவில்லை.

ரீடுக்கு மாடல் விமானம் செய்வதில் தீராத ஆசை. சின்ன மாதிரி ஒன்றைச் செய்து, ரேடியோவில் இயங்கும் மாடல் விமானத்தின் துணையோடு உயரே ஏற்றி விட்டார். அது கவிழாமல் சறுக்கி இறங்கியது. மனைவி டோனா அதை 8 மி.மீ. படச்சுருளில் பதிவுசெய்தார். வாதத்தால் அசையாத மனங்களை அந்தப் படம் அசைத்தது. பிளைவுட் உடம்போடு, ஆள் ஏறிப் பறக்கும் அளவில் எம்2-எஃப்1 உருவானது. 1963 ஏப்ரலில் அதை ஒரு பான்டியாக் காரில் கட்டி, வறண்ட ரோஜர்ஸ் ஏரிப் படுகையில் இழுத்தார்கள். ஆகஸ்ட் 16 அன்று விமானம் உயரே இழுத்துச் சென்று விட, விமானி மில்ட் தாம்சன் அதைப் பத்திரமாகத் தரையிறக்கினார். 1981இல் கொலம்பியா விண்கலம் எஞ்சின் உந்துதல் இல்லாமல் வந்து இறங்கியதும் இதே படுகையில்தான்.

மாடல் என்றால் வெறுமனே சிறிதாக்கிய விமானம் என்று நினைத்துவிடக் கூடாது. பெரியதைப் போலவே அது அசைய வேண்டுமானால், நீளம் பாதியாகும்போது எடை எட்டில் ஒரு பங்காக வேண்டும். காலமும் சுருங்கும். கால் அளவு மாடல் இரண்டு மடங்கு வேகமாக ஆடும். பெரிய விமானத்தில் யோசிக்க ஒரு நொடி கிடைத்தால், மாடலை ஓட்டுபவருக்கு அரை நொடிதான். காற்றின் பிசுபிசுப்பும் சிறிய உடலையே அதிகம் பிடித்திழுக்கும். ஆகவே எரிபொருள் எவ்வளவு செலவாகும் என்று மாடலிடம் கேட்பதில் பயனில்லை. தடுமாறினால் என்ன செய்வாய் என்று கேட்கலாம்.

போயிங்கும் நாசாவும் அதைத்தான் கேட்டன. உடம்பும் இறக்கையும் ஒன்றாய்க் கலந்த எக்ஸ்-48பி, திட்டமிட்ட விமானத்தின் 8.5 சதவீத அளவு. இறக்கை அகலம் 6.2 மீட்டர். அசைவுகள் ஏறக்குறைய மூன்றரை மடங்கு வேகம். 2007 ஜூலை 20 அன்று முதலில் பறந்தது. விமானி தரையில் உட்கார்ந்து, அது தூக்குவிசையை இழக்கும் எல்லைவரை வேண்டுமென்றே கொண்டுபோனார். உள்ளே ஆள் இருந்தால் எளிதில் துணியக்கூடிய வேலையல்ல இது. பின்னர் மாற்றியமைத்த எக்ஸ்-48சி-யையும் சேர்த்து, 2013 ஏப்ரல் வரை 122 முறை பறந்தார்கள்.

அந்த வடிவில் பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானம் இன்னும் வரவில்லை.