பிரிண்டரைப் பகிர்ந்துக்கலாம், போனைத் தேடுற டப்பா வேண்டாம்!

சரவணம்பட்டியில ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற நாலு பேர்ல நானும் ஒருத்தன். இந்த வருஷம் எங்க ரூம்ல ஒரு நல்ல செலவும் ஒரு தண்டச் செலவும் நடந்துச்சு. ரெண்டுமே கம்ப்யூட்டர், மொபைல் சமாச்சாரம்தான்.

முதல்ல நல்ல செலவு. 12,000 ரூபாய்க்கு ஒரு இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கினோம், ஆளுக்கு 3,000. வைஃபை இருக்கிறதால யாரோட லேப்டாப்ல இருந்தும் பிரிண்ட் எடுக்கலாம். அடுத்தது மானிட்டர். ஒருத்தருக்கு பகல் ஷிஃப்ட், இன்னொருத்தருக்கு நைட் ஷிஃப்ட். ஒரே மானிட்டர், ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ். நடுவுல ஒரு கே.வி.எம். ஸ்விட்ச். பட்டனை அமுக்கினா அடுத்த லேப்டாப்புக்கு மாறிடும், வயரைப் பிடுங்கிச் சொருகுற வேலை கிடையாது. ஆனா கம்பெனி லேப்டாப்புனா, இதுல கனெக்ட் பண்ணலாமான்னு ஐ.டி. டீம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

பங்கு போட்டு வாங்கும்போது சண்டை வராது. ஒருத்தர் ரூமைக் காலி பண்ணும்போதுதான் வரும். அதனால வாங்கின அன்னைக்கே வாட்ஸ்அப் குரூப்ல எழுதி வெச்சோம்: பிரிண்டருக்கு ஆயுசு 36 மாசம். 12 மாசத்துல போறவருக்கு 2,000 ரூபாய் திரும்பக் கிடைக்கும், 24 மாசத்துல போனா 1,000. சின்னக் கணக்குதான், நட்பைக் காப்பாத்துது. ஹார்டு டிஸ்க்கை மட்டும் பகிரவே பகிராதீங்க. ஃபார்ம் 16, ஆதார் காப்பி எல்லாம் அதுலதானே கிடக்கு.

இப்ப தண்டச் செலவு. கோபியில இருந்து வந்த ரூம்மேட் ஒரு நாள் ராத்திரி காந்திபுரத்துல பஸ் ஏறி வந்து இறங்கினவர், "ஏனுங்ணா, போனைக் காணோமுங்க"ன்னு நின்னார். பஸ்ல விழுந்துச்சா, ரூம்லயே எங்காச்சும் கிடக்குதான்னு அவருக்கே தெரியல. கூப்பிட்டா ஸ்விட்ச் ஆஃப். உடனே ஆன்லைன்ல 1,200 ரூபாய்க்கு ஒரு 'மொபைல் டிடெக்டர்' ஆர்டர் போட்டார். வந்துச்சு. ரூம் பூரா சுத்தினோம். வைஃபை ரவுட்டர் பக்கத்துலயும் எங்க போன்கள் பக்கத்துலயும் மட்டும் லைட் எரிஞ்சுது!

காரணம் சிம்பிள். இந்த டப்பா போனைத் தேடுறதில்ல, ரேடியோ அலையைத்தான் தேடுது. பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பக்கத்துல போன் இருந்தா, கால் வர்றதுக்கு முன்னாடி 'டிட்டிட் டிட்டிட்'னு ஒரு சத்தம் வருமே, ஞாபகம் இருக்கா? 2ஜி போன் ஒரு செகண்டுக்கு சுமார் 217 தடவை விட்டு விட்டு சிக்னல் அனுப்பும். அதைத்தான் ஸ்பீக்கர் பிடிச்சுது. டிடெக்டரும் அதே வேலையைத்தான் செய்யுது. சும்மா கிடக்கிற போன் எப்பவாச்சும்தான் டவரோட பேசும். ஆஃப் ஆன போன் பேசவே பேசாது. அப்புறம் எதைப் பிடிக்கிறது?

அந்த 1,200 ரூபாயை மிச்சம் பிடிச்சிருக்கலாம். செய்ய வேண்டியது வேற. முதல்ல பேங்குக்குப் போன் போட்டு யு.பி.ஐ.யை நிறுத்துங்க. போலீஸ்ல புகார் குடுத்து காப்பி வாங்குங்க. அதே நம்பர்ல டூப்ளிகேட் சிம் எடுங்க. அப்புறம் மத்திய தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல, சி.இ.ஐ.ஆர். பகுதியில, போனோட 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. நம்பரைப் போட்டு பிளாக் பண்ணுங்க. 2023 மே மாசத்துல இருந்து இது நாடு முழுக்க இருக்கு, இலவசம். பிளாக் ஆன போன்ல வேற யாராவது சிம் போட்டா போலீசுக்குத் தகவல் போகும். *#06# டயல் பண்ணி அந்த நம்பரை இப்பவே எழுதி வெச்சுக்கோங்க. போன் போனதுக்கப்புறம் பில்லைத் தேடிட்டு அலைய வேண்டாம்.

ரூம்மேட் போன் இன்னும் கிடைக்கல. அடுத்ததா செகண்ட் ஹேண்ட் போன் பார்க்கப் போனோம். 9,000 ரூபாய், பார்க்கப் புதுசு மாதிரியே இருந்துச்சு. காசு குடுக்கறதுக்கு முன்னாடி, ஆங்கில எழுத்துல கே-ஒய்-எம், ஒரு ஸ்பேஸ், ஐ.எம்.இ.ஐ. நம்பர்னு 14422-க்கு மெசேஜ் அனுப்பச் சொன்னேன். பிளாக்லிஸ்ட்ல இருக்குன்னு பதில் வந்துச்சு. கடைக்காரர்கிட்ட காட்டினோம். ஒண்ணும் பேசாம போனை வாங்கி டிராயர்ல போட்டுக்கிட்டார்.