ரிவால்வர் ஏன் கையை உதைக்கிறது?

ராஜபாளையம் சினிமாக் கொட்டகையில், கதாநாயகன் சுட்டதும் வில்லன் பத்தடி தள்ளிப்போய் விழுவதைப் பார்த்துக் கைதட்டியிருப்பீர்கள். குண்டுக்கு அவ்வளவு வலு உண்டென்றால், சுட்டவனும் பின்னால் பறந்திருக்க வேண்டுமல்லவா? நியூட்டனின் மூன்றாம் விதி கதாநாயகனையும் விடாது!

கணக்குப் போடுவோம். உரிமம் பெற்றவர்களுக்காகக் கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்த ரிவால்வரின் எடை சுமார் 700 கிராம். குண்டு 6.4 கிராம், வேகம் விநாடிக்கு 220 மீட்டர் என்று கொள்வோம். உந்தம் ஏறத்தாழ 1.4. அதே உந்தத்துடன் ரிவால்வர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பின்வாங்கி உள்ளங்கையை உதைக்கும். (வெடிமருந்து வாயுவையும் சேர்த்தால் சற்றுக் கூடும்.)

2014இல் பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ ரிவால்வர் வந்தது. எடை 500 கிராம்தான், கைப்பைக்கு வசதி. ஆனால் அதே குண்டுக்கு உதை விநாடிக்கு 2.8 மீட்டர்! ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரிலிருந்து குதித்தால் தேர் அசையாது. தள்ளுவண்டியிலிருந்து குதித்தால் வண்டி பின்னுக்கு ஓடும்.

இவை ‘இரட்டைச் செயல்’ ரிவால்வர்கள். ஒரே இழுப்பில் சுத்தியல் பின்னே போகிறது, தோட்டா உருளை ஓர் அறை சுழல்கிறது, பிறகு சுத்தியல் விழுகிறது. அத்தனைக்கும் விரல்தான் எஞ்சின். அந்த நீண்ட இழுப்பில் இலேசான துப்பாக்கி அதிகம் ஆடும். எனக்கென்னவோ கனமானதே மேல்.

சரி, 70 கிலோ வில்லன்? 1.4ஐ 70ஆல் வகுங்கள். விநாடிக்கு 2 சென்டிமீட்டர்!