வயலில் ஒரு திருப்பணி
(வானொலி மறையுரை)



மே 15, உழவர்களின் பாதுகாவலரான புனித இசிதோரின் திருநாள். நம் ஊர்களில் அந்தோணியாருக்கும் சூசையப்பருக்கும் எடுக்கிற அளவுக்கு இவருக்குத் தேர் எடுப்பதில்லை. டெல்டாவில் இவரது பெயரில் ஓர் ஆலயம் தேட வேண்டுமென்றால் சிரமந்தான். ஆனால் இவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்திய நாளைப் பாருங்கள். 1622-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று, லொயோலா இஞ்ஞாசியார், சவேரியார், அவிலா தெரேசாள், பிலிப் நேரி ஆகியோருடன் அதே வழிபாட்டில் இவரும் புனிதராக அறிவிக்கப்பட்டார். சபை நிறுவியவர்கள், கடல் கடந்து நற்செய்தி சொன்னவர்கள், மறைவல்லுநர் ஆனவர் ஆகியோரின் வரிசையில் ஏர் பிடித்த ஒரு பண்ணையாளும் நின்றார்.

ஆம், பண்ணையாள்தான். ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன், ஸ்பெயின் நாட்டின் மத்ரித் நகருக்கு வெளியே இன்னொருவருடைய நிலத்தில் கூலிக்கு உழுதவர் அவர். விடியற்காலையில் திருப்பலி கண்டுவிட்டுத்தான் வேலைக்கு வருவார். "இவன் தாமதமாக வருகிறான்" என்று கூட வேலை செய்தவர்கள் முதலாளியிடம் கோள் சொன்னார்கள். முதலாளி வந்து பார்த்தபோது, இசிதோரின் ஏருக்குப் பக்கத்தில் வானதூதர்கள் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது மரபு. இன்றைக்கு நடவுக்கு ஆள் கிடைக்காமல் அலைகிற நம் விவசாயிகள், அந்தச் சம்மனசுகளின் விலாசம் கிடைக்குமா என்று கேட்கலாம்! அவருடைய மனைவி மரியாவும் முத்திப்பேறு பெற்றவரே. வந்த ஏழைகளுக்கு அந்த வீட்டில் சோறு இல்லை என்று சொன்னதில்லையாம்.

இன்று ஒரு கேள்வியைச் சிந்திப்போம். நம் பங்குகளில் மண்ணின்மேல் ஆசையுள்ள பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். காலையில் எழுந்தவுடன் வாய்க்கால் கரைக்குப் போகிறவன் இருக்கிறான். நாற்றங்காலில் இறங்கினால் நேரம் போவது தெரியாதவள் இருக்கிறாள். உழவு ஓட்டும்போது பின்னால் கொக்குகள் வரிசையாக வந்து இறங்குவதைப் பார்த்து நிற்பவர்களும் உண்டு. அதே பிள்ளைக்கு இறைவனுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசையும் இருந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "குருமடத்துக்குப் போ, இல்லையென்றால் நன்றாகப் படித்து வெளிநாட்டுக்குப் போய்க் கோயிலுக்குக் காணிக்கை அனுப்பு" என்கிறோம். வயல் இந்த இரண்டிலும் சேருவதில்லை. நம் எண்ணத்தில் அது பிழைப்பு, அதுவும் நட்டம் வருகிற பிழைப்பு.

திருவிவிலியம் அப்படிப் பார்க்கவில்லை. மனிதனைப் படைத்த கடவுள் அவனை ஒரு தோட்டத்தில் வைத்து, அதைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் சொன்னதாகத் தொடக்கநூல் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. மனிதன் பாவத்தில் விழுவதற்கு முன்னரே கொடுக்கப்பட்ட வேலை அது, தண்டனை அல்ல. ஆண்டவர் தம் தந்தையைத் திராட்சை பயிரிடுபவர் என்று சொன்னார். உயிர்த்த ஞாயிறு காலையில் மகதலா மரியா அவரைப் பார்த்தபோது தோட்டக்காரர் என்றுதான் நினைத்தார். அந்த நினைப்பை முழுத் தவறு என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இதற்கு நம் மண்ணிலேயே ஒருவருடைய வாழ்க்கை இருக்கிறது. பூண்டி மாதாவைத் தேடித் திருக்காட்டுப்பள்ளி வழியாக நாம் பலமுறை போயிருப்போம். அந்தப் பக்கத்து ஊர் இளங்காடு. 1938-இல் அங்கே பிறந்தவர் கோ. நம்மாழ்வார். பச்சைத் தலைப்பாகையும் வெள்ளைத் தாடியுமாக நாம் பார்த்த அதே இயற்கை வேளாண் அறிஞர். அவர் கிறிஸ்தவர் அல்லர். பெயரே ஆழ்வாரின் பெயர். ஆனாலும் அவருடைய வாழ்க்கையின் ஒரு முக்கியமான பகுதி, ஒரு கத்தோலிக்கத் துறவி தொடங்கிய பணியில் கழிந்தது. இது நம்மில் பலருக்குத் தெரியாது.

அந்தத் துறவி அருள்தந்தை தொமினிக் பீர். சாமிநாதர் சபை என்று நம் பெரியவர்கள் சொல்லும் தொமினிக்கன் சபையைச் சேர்ந்தவர், பெல்ஜியம் நாட்டவர். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது, நான்கு வயதுப் பிள்ளையாகக் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடியவர். இரண்டாம் போருக்குப் பிறகு, போக இடமில்லாமல் முகாம்களில் கிடந்த அகதிகளுக்காக 1949 முதல் உழைத்தார். முதியவர்களுக்கு இல்லங்களும் குடும்பங்களுக்குக் குடியிருப்புகளும் அமைத்தார். 1958-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதன்பின் அவர் எண்ணம் கிராமங்களின் பக்கம் திரும்பியது. பசி இருக்கும் இடத்தில் அமைதி பேசிப் பயனில்லை என்று கண்டு, 'அமைதித் தீவு' என்ற திட்டத்தைத் தொடங்கினார். முதலாவது, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில். அடுத்தது, நம் திருநெல்வேலிச் சீமையின் களக்காட்டில். ஏழைகளுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிடாமல், அவர்கள் தங்கள் காலில் நிற்கும்வரை சில ஆண்டுகள் கூட இருந்துவிட்டு விலகிக்கொள்வதே அதன் முறை. யாரையும் எந்தச் சமயம் என்று கேட்பதில்லை. 1969 சனவரியில் தந்தை பீர் இறந்தார்.

அதே 1969-இல்தான் நம்மாழ்வார் அரசு வேலையை விட்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, 1963 முதல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தவர் அவர். மழையை மட்டும் நம்பிக் கரிசல் காட்டில் பயிர் செய்கிற விவசாயியிடம், விலை கொடுத்து வாங்க வேண்டிய வீரிய விதையையும் உரத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது அவருக்கு ஒப்பவில்லை. நிரந்தரச் சம்பளத்தை உதறிவிட்டுக் களக்காட்டுக்குப் போனார். ஏறத்தாழ 10 ஆண்டுகள் அங்கே விவசாயிகளோடு இருந்தார். உழவன் கடையை நம்பாமல் தன் நிலத்திலேயே கிடைப்பதை வைத்துப் பயிர் செய்தால்தான் கடனிலிருந்து மீள்வான் என்ற தெளிவு அவருக்கு அந்த ஆண்டுகளில்தான் வந்தது. பிற்காலத்தில் தமிழ்நாடு முழுவதும் நடந்து நடந்து அவர் சொன்னதெல்லாம் இதைத்தான்.

நாம் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். தந்தை பீர் உழவர் அல்லர். நம்மாழ்வார் திருமுழுக்குப் பெற்றவர் அல்லர். ஒருவரிடம் இரக்கமும் மற்றவரிடம் மண்ணறிவும் இருந்தன. இரண்டும் களக்காட்டில் சந்தித்தன. இரக்கம் மட்டும் இருந்திருந்தால் அரிசி மூட்டை கொடுத்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள். மண்ணறிவு மட்டும் இருந்திருந்தால் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்திருக்கும். நம் பங்கில் ஒரு பிள்ளையிடம் இந்த இரண்டும் ஒன்றாகவே இருக்கும்போது, ஏதாவது ஒன்றை விடச் சொல்ல நாம் யார்?

இந்த அறிவு நமக்கு எங்கே தேவைப்பட்டது என்பதை நாகப்பட்டினம் பக்கத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளும் அவர்களில் உண்டு. உடைந்த படகும் இடிந்த வீடும் செய்திகளில் வந்த அளவுக்கு வயல்கள் வரவில்லை. கடல்நீர் ஏறிய நிலத்தில் உப்பு தங்கிவிட்டால் இரண்டு வகையில் கெடுதல். வேரைச் சுற்றி உப்பு மிகும்போது, தண்ணீர் நின்றாலும் பயிரால் அதை உறிஞ்ச முடியாது. அதோடு உப்பிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டுக்கோப்பைக் கலைத்துவிடும். மண் காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும், மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காது. இனி இங்கே பல ஆண்டுக்கு நெல் வராது என்று பலர் கைவிட்டார்கள்.

நம்மாழ்வார் 66 வயதில் அந்த ஊர்களுக்கு வந்தார். செய்யச் சொன்னது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கடல் கொண்டுவந்து கொட்டிய சேற்றை வழித்து அகற்றுங்கள். வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடிய விடுங்கள். பிறகு தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் பயிரை விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். அதன் வேர் இறுகிய மண்ணைப் பிளக்கும், தழை மக்கி மண்ணைப் பொலபொலப்பாக்கும். அதற்குப்பின் உவர் தாங்கும் நம் பழைய நெல்லைப் போடுங்கள். கடலோரத்து மக்கள் குழியடிச்சான் போன்ற நெல்லைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தது இதற்காகத்தானே? கைவிடப்பட்ட வயல்களில் மறுபடியும் கதிர் வந்தது.

இன்னொருவரையும் சொல்லிவிடுகிறோம். நம்மாழ்வாரின் வழியில் வந்த 'நெல்' ஜெயராமன், திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கட்டிமேட்டுக்காரர். 174 பாரம்பரிய நெல் வகைகளைத் தேடிச் சேர்த்தவர். ஆதிரெங்கத்தில் கோடைதோறும் நெல் திருவிழா நடத்தினார். வருகிற விவசாயிக்கு 2 கிலோ விதை இலவசம். அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த 4 கிலோ இன்னும் இருவருக்குப் போகும். பத்திரம் இல்லை, வட்டி இல்லை, சாட்சி இல்லை. விதைப்பவர் உவமையை ஆண்டுதோறும் பீடத்தில் வாசிக்கிற நாம், அதை ஒரு மனிதர் மூட்டைக் கணக்கில் செய்து காட்டியதைக் கவனித்தோமா? 2018 டிசம்பரில் அவர் புற்றுநோயால் இறந்தார்.

அன்பார்ந்தவர்களே, இவ்வளவு நேரம் மண்ணை நேசிப்பதைப் பற்றிப் பேசிவிட்டோம். ஆனால் இந்த மறையுரையைக் கேட்கிறவர்களில் பலருக்குச் சொந்தமாக ஒரு குழி நிலமும் கிடையாது. அடுத்தவர் வயலில் குனிந்து நாற்று நட்டு, மாலையில் கூலி வாங்கி வருகிற தாய்மார்களிடம் போய் மண்ணை நேசியுங்கள் என்றால் அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அதில் நியாயம் இருக்கிறது. 1968-இல் கிறிஸ்து பிறப்பு நாளின் இரவில், இதே காவிரிப் படுகையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரை நாம் பாடிக்கொண்டிருந்த இரவு அது. கூலி மறுக்கப்பட்ட அறுவடையாளரின் கூக்குரல் ஆண்டவரின் செவியை எட்டுகிறது என்று புனித யாக்கோபு எழுதியதை அந்த இரவை நினைக்காமல் நாம் வாசிக்க முடியாது.

அந்தக் கொடுமைக்குப் பின் காந்திய வழித் தம்பதியரான ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் இந்தப் பகுதிக்கு வந்து தங்கினார்கள். 1981-இல் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலவுடைமையாளர்களோடு பேசி, கடன் ஏற்பாடு செய்து, பல ஆயிரம் ஏழைக் குடும்பங்களுக்கு, குடும்பத்துக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் வீதம், பெண்கள் பெயரிலேயே பட்டா வாங்கிக் கொடுத்தார்கள். மண்ணின்மேல் ஆசை என்பது கொக்கையும் பசும்பயிரையும் ரசிப்பதோடு நின்றுவிட்டால் அது அரைகுறைதான். அந்த வயலில் யார் குனிகிறார், யார் நிமிர்ந்து நிற்கிறார் என்று பார்க்கிற கண்ணும் வேண்டும். இசிதோர் நிலக்கிழார் அல்லர் என்பதை அதனால்தான் முதலிலேயே சொன்னோம்.

அப்படியானால் வயலை விரும்புகிற நம் பிள்ளை என்ன செய்யலாம்? வேளாண்மை படிக்க ஆசைப்பட்டால் படிக்க வையுங்கள். திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் வேளாண் கல்லூரி இருக்கிறது, ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. படிக்காதவருக்கும் வேலை உண்டு. அறுவடைக் காலத்தில் நேரடி கொள்முதல் நிலையத்தின் வாசலில் போய்ப் பாருங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். வயதான ஒரு விவசாயி மூட்டைகளைக் கொட்டிக் காயவைத்து, மழை வந்தால் மூட ஓடி, இரவெல்லாம் காவல் கிடப்பார். நம் இளைஞர் இயக்கம் நான்கு தார்ப்பாய்களோடு அங்கே போய் நின்றால், மறைக்கல்வி வகுப்பில் ஒரு மாதம் சொல்லித் தருவதை ஒரே இரவில் சொல்லிவிடலாம். பங்குக்குச் சொந்தமாக நிலம் இருக்கும் இடங்களில், ஒரு மா அளவில் பழைய நெல் போட்டு விதை எடுத்துக் கொடுக்கலாம். வாய்க்கால் தூர்வாருவதற்கும் இதுவே காலம். சூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டால் பிறகு முடியாது.

நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் இறந்தார். டெல்டாவில் மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிவந்த பயணத்தின் நடுவில்தான் அவர் உயிர் பிரிந்தது. நம் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவிக்கும் சட்டம் 2020-இல்தான் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

கடைசியாக ஒரு செய்தி. விண்ணேற்றப் பெருவிழாவுக்கு முந்தைய 3 நாள்களும் மக்கள் பிரார்த்தனை பாடிக்கொண்டு வயல்களைச் சுற்றிப் பவனி போவது திருச்சபையின் பழைய வழக்கம். வயல்களை மந்திரிக்கும் செபங்கள் இன்றும் நம் ஆசீர் நூலில் இருக்கின்றன. நாற்றங்கால் விடுவதற்கு முன் உங்கள் பங்குத்தந்தையைக் கேளுங்கள், வருவார். நிலம் இல்லாதவர்களும் கேட்கலாம். நீங்கள் நடவுக்குப் போகிற வயலின் பெயரைச் சொன்னால் போதும்.