அடுப்புப் புகையும் நாசியின் ஆரோக்கியமும்

குடிக்கும் ஜலத்தை வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்கவேண்டும் என்பதைக் கிராமவாசிகளில் அநேகர் அறிவார்கள். சுவாசிக்கும் காற்றைக் குறித்து அவ்வளவு கவலை கொள்வோர் சிலரே. ஒரு மனிதன் நாளொன்றுக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்றை உட்கொள்ளுகிறான். அக்காற்றைச் சுத்தி செய்து, ஈரமாக்கி, உடற்சூட்டிற்குக் கொணர்ந்து மார்புக்குள் அனுப்புவது நாசியின் தொழில். அடுப்பங்கரைப் புகையும் தூசியும் இத்தொழிலைக் கெடுக்கும் விதத்தையும், அதைத் தடுக்கும் வழியையும் சங்க அங்கத்தினர்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

நாசியின் அமைப்பு

நாசித் துவாரத்திலுள்ள ரோமங்கள் பெருந்தூசியைத் தடுக்கின்றன. அவற்றைக் கடந்து செல்லும் தூசியில் பெரும்பாகம் உட்புறச் சவ்வில் ஊறும் பசையான சளியில் ஒட்டிக்கொள்ளும். அச்சவ்வின்மீது கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய இழைகள் நிறைந்திருக்கின்றன. காற்றில் அலையும் நெற்பயிரைப்போல் அவை இடைவிடாது அசைந்து சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளுகின்றன. சுகதேகியின் நாசியில் படியும் அழுக்கு சுமார் 10 முதல் 20 நிமிஷங்களுக்குள் இவ்விதம் அகற்றப்படுகிறது.

நாசியைச் சுற்றியுள்ள எலும்புகளில் நான்கு ஜோடிக் காற்றறைகள் உண்டு. அவை சிறு வாயில்களின் மூலம் நாசியோடு சேர்ந்திருக்கின்றன. கன்னத்தறையின் வாயில் அடியில் இராமல் மேற்புறத்தில் அமைந்திருக்கிறது. மதகு கரையின் உச்சியில் இருந்தால் ஏரித் தண்ணீர் தானே வடியாது. இறைத்தே வெளியேற்ற வேண்டும். அவ்வாறே இவ்வறையின் சளியை நுண்ணிழைகளே மேலேற்றி வெளியே தள்ளுகின்றன. இழைகள் சோர்ந்தால் சளி தேங்கிவிடும்.

புகையும் தூசியும் செய்யும் தீங்கு

ஈர விறகு, சுள்ளி, வறட்டி ஆகியவற்றின் புகையிலுள்ள எரிச்சலூட்டும் வாயுக்கள் நாசியின் ஈரத்தில் கரைந்து, இழைகளின் அசைவை மந்தப்படுத்திச் சவ்வை வீங்கச் செய்கின்றன. அறைகளின் வாயில் அடைபட்டுச் சளி தேங்க, கிருமிகள் பெருகுகின்றன. ஜனங்கள் பீனிசம் என்றும் நீர்க்கோவை என்றும் சொல்லும் உபாதை பெரும்பாலும் இதுவே. மூக்கடைப்பு, கெட்டிச் சளி, குனியும்போது மிகும் முகநோவு, வாசனை அறியாமை ஆகியவை இதன் குறிகள். புகையின் மிக நுண்ணிய துகள்களோ நாசியையும் கடந்து நுரையீரலை அடைகின்றன. 2020-ஆம் வருஷத்தில் வீட்டுப் புகையினால் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. ஊதுகுழலும் கையுமாக அடுப்பின்முன் அமரும் ஸ்திரீகளும், அவர்கள் அருகிலிருக்கும் குழந்தைகளும் இப்புகையை மிகுதியாக உட்கொள்ளுகின்றனர்.

நெல் அரைவை மில்லின் தவிட்டுத் தூசியும், பருத்தித் தூசியும் நாசியை உறுத்துவனவே. தச்சுப் பட்டறையின் மரத்தூள் நெடுங்காலம் படிந்தால் நாசியிலும் அதன் அறைகளிலும் புற்றுநோய் உண்டாகக்கூடும்.

செய்யத்தக்கனவும் தகாதனவும்

மூக்குப்பொடி போட்டால் தலைப்பாரம் இறங்கும் என்பது தவறான எண்ணம். தும்மலால் கணநேரம் சுகம் தோன்றினும், புகையிலைத் தூள் சவ்வை மேலும் புண்படுத்தும். நன்றாகக் கொதித்து ஆறிய 1 லிட்டர் ஜலத்தில் 9 கிராம் உப்பைக் கரைத்து நாசியைக் கழுவுவது நலம். காய்ச்சாத கிணற்று நீரையும் குளத்து நீரையும் இதற்கு உபயோகிப்பது ஆபத்து. பத்து நாட்களுக்கு மேல் குணமாகாவிடினும், குணமானதுபோல் தோன்றி மீண்டும் அதிகரித்தாலும் வைத்தியரை நாடவேண்டும். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், கடும் ஜுரத்துடன் தலைவலி ஆகியவை கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

சங்கங்களின் கடமை

1950-களில் ஐதராபாத்துப் பொறியியல் ஆராய்ச்சிசாலை புகைபோக்கியுள்ள மண் அடுப்பொன்றை வகுத்தது. 1980-களில் இந்திய அரசாங்கம் புகையில்லா அடுப்புகளை நாடெங்கும் பரப்ப முயன்றது. ஆயினும் கரி அடைத்தும், விரிசல் கண்டும், பழுது பார்ப்பாரின்றியும் பல அடுப்புகள் கைவிடப்பட்டன. 2016 முதல் உஜ்வலா திட்டத்தின்படி ஏழை ஸ்திரீகளுக்கு எரிவாயு இணைப்பு அளிக்கப்பட்டது. எனினும் மறு சிலிண்டர் வாங்கப் பணமில்லாத மாதத்தில் அவ்வீடு மீண்டும் விறகையே நாடுகிறது. ஆகையால் அடுப்பைக் கொடுப்பது மட்டும் போதாது. அதை நிலைநிறுத்தவும் வேண்டும்.

இது சங்கங்களால் ஆகும் காரியம். சிலிண்டருக்குச் சிறு கடன் அளித்து அறுவடைக்குப்பின் திரும்பப் பெறலாம். விறகெரிக்கும் வீடுகளுக்காக ஒரு கொத்தனாரைப் பழக்கி, புகைபோக்கி அமைக்கவும் மாதந்தோறும் கரி நீக்கவும் ஏற்பாடு செய்யலாம். சங்கத்து மில்லில் தூசியை வெளியிழுக்கும் விசிறியும், வேலையாட்களுக்கு முகமூடியும் வைக்கலாம். விறகை மழைக்கு முன்பே உலர்த்திக் கொட்டகையில் அடுக்குவதற்குப் பணச் செலவு அதிகமில்லை. அடுத்த மகாசபைக் கூட்டத்திலேயே இவற்றுள் ஒன்றையேனும் தீர்மானமாக நிறைவேற்றி, அதைப் பற்றி அடுப்பின்முன் அமரும் ஸ்திரீகளின் அபிப்பிராயத்தையும் கேட்டறிந்து நடத்துவது அங்கத்தினர்களின் பொறுப்பாகும்.