கொட்டகையும் ஒரு வயல்தான்!

நம் தோட்டத்தில் ஒரு செடி வாடினால் ஓடிப்போய் பார்க்கிறோம். கொட்டகை வாடினால் பார்ப்பதில்லை. நாலு ஆள் வேலைக்கு வந்த காலையில் கடப்பாரையைத் தேடி கால் மணி நேரம் போனால், நாலு பேருக்கும் சேர்த்து ஒரு மணி நேரக் கூலி போச்சு. எந்தக் கணக்கு நோட்டிலும் ஏறாத செலவு இது.

இதற்கு ஜப்பான்காரர்கள் வைத்திருக்கும் வழிக்கு 'ஐந்து எஸ்' என்று பெயர். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு டொயோட்டா போன்ற தொழிற்சாலைகளில் வளர்ந்த முறை. டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ, காத்திருப்பது, வீணாக நடப்பது, தேவைக்கு மேல் சேர்த்து வைப்பது என்று ஏழுவகை விரயங்களைப் பட்டியல் போட்டார். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் காய்கறி பயிரிடும் பென் ஹார்ட்மன் என்ற உழவர், இந்த முறையைத் தன் சின்னப் பண்ணைக்குக் கொண்டுவந்து 2015-ல் புத்தகமே எழுதினார். ஆக, இது தொழிற்சாலைக்கு மட்டும் என்று ஒதுக்க வேண்டியதில்லை.

செய்ரி (பிரித்தல்): கொட்டகையில் உள்ள எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போடுங்கள். ஒரு வருஷமாகத் தொடாத பொருளுக்குச் சிவப்புத் துணி கட்டுங்கள். அடுத்த ஒரு மாதத்திலும் தேவைப்படாவிட்டால் விற்றுவிடலாம், கொடுத்துவிடலாம். முக்கியமாக, பழைய பூச்சிமருந்து டப்பா மூலையில் கிடந்தால் அதுதான் முதலில் வெளியேற வேண்டும். சான்றிதழுக்கு ஆய்வுக்கு வருகிறவர் கண்ணில் அது பட்டால், நம் உழைப்பு மொத்தத்துக்கும் பதில் சொல்ல வேண்டி வரும்.

செய்டோன் (இடம் ஒதுக்கல்): சுவரில் ஆணி அடித்து மண்வெட்டி, களைக்கொத்து, அரிவாளை மாட்டுங்கள். ஒவ்வொன்றின் உருவத்தையும் சுண்ணாம்பால் சுவரில் வரைந்துவிட்டால், எது திரும்பி வரவில்லை என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். தினம் எடுப்பது கை எட்டும் உயரத்தில், எப்போதாவது எடுப்பது மேலே. பியூஸ் கட்டை, ஸ்பேனர் எல்லாம் மோட்டார் பக்கத்திலேயே இருக்கட்டும்.

செய்சோ (துடைத்தல்): துடைக்கும்போதுதான் குறை தெரியும். மண்ணைக் கழுவினால் மண்வெட்டிப் பிடியின் விரிசல் தெரியும். தெளிப்பான் வடிகட்டியைக் கழுவினால் நாசில் அடைக்காது. தரை சுத்தமாக இருந்தால் எலி குறையும். எலி குறைந்தால் பாம்பும் குறையும்.

செய்கெட்சு (ஒரே முறை): ஒவ்வொரு டிரம்மிலும் என்ன கரைசல், எந்தத் தேதியில் போட்டது என்று எழுதுங்கள். ஜீவாமிர்தம் இரண்டு நாளில் தயார். ஒரு வாரத்துக்குள் தெளித்துவிடுவது நல்லது. பஞ்சகவ்யத்துக்கு மூன்று வாரம் ஆகும். தேதி இல்லாத டிரம்மில் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. விதைப்பானையிலும் ரகம், அறுவடை மாதம் எழுதுங்கள். பாரம்பரிய ரகம் ஒன்று இன்னொன்றோடு கலந்துவிட்டால் பிரித்தெடுக்கப் பல பருவம் ஆகும்.

ஷிட்சுகே (பழக்கம்): இதுதான் கஷ்டம். வங்கியில் மாலையில் ரொக்கம் கணக்கோடு சரியாகும்வரை யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. முப்பது வருஷம் அப்படி இருந்தவனுக்கு, சாயங்காலம் கருவிகளை எண்ணி மாட்டுவது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கடைசி பத்து நிமிஷத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். அதையும் கூலி நேரத்துக்குள்ளேயே வையுங்கள். வேலை முடிந்தபின் செய்யச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள், சொல்வதும் நியாயமில்லை. எந்தக் கருவி எங்கே இருக்கணும் என்பதையும் அதைப் பிடித்து வேலை செய்கிறவரிடமே கேளுங்கள். அந்த அம்மாவுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது.

வருஷத்துக்கு ஒருநாள் ஆயுத பூஜைக்குக் கருவிகளைக் கழுவிப் பொட்டு வைக்கிறோம். அந்த மரியாதையைத் தினமும் கொடுப்பதுதான் இந்த ஐந்து எஸ். இதற்குப் புதுசாக எதுவும் வாங்க வேண்டாம். ஆணி, சுண்ணாம்பு, கொஞ்சம் சிவப்புத் துணி போதும். ஏர் பூட்டாத அடுத்த அமாவாசையன்று ஒரே ஒரு மூலையில் தொடங்கிப் பாருங்கள்.