ஆற்றை உள்ளே வாங்கும் படகு

நியூசிலாந்தின் தென் தீவில் ரகாயா, வைமகரிரி என்று இரண்டு ஆறுகள் உண்டு. பனிமலைகளில் பிறந்து, கூழாங்கற்களை உருட்டிக்கொண்டு கான்டர்பரி சமவெளிக்கு இறங்கி வருகின்றன. இறங்கியதும் ஒரே ஆறு பல கால்களாகப் பிரிகிறது, கூடுகிறது, மறுபடி பிரிகிறது. சென்ற வெள்ளத்தில் ஆள் மூழ்கும் ஆழம் இருந்த இடத்தில் இந்த வெள்ளத்துக்குப் பிறகு கணுக்கால் நனையும் அளவே தண்ணீர் இருக்கலாம். ஓட்டமோ கடுமையானது. அடியில் ப்ரொப்பெல்லர் தொங்கும் படகை இங்கே இறக்கினால் முதல் கல்மேட்டிலேயே அதன் இலைகள் முறிந்துபோகும்.

அந்தத் தீவின் மெக்கன்சி பகுதியில், ஐரிஷ்மன் கிரீக் என்ற ஆட்டுப் பண்ணையில் வாழ்ந்தவர் வில்லியம் ஹாமில்டன். 1899-இல் பிறந்தவர். தன் பண்ணைக்கு வேண்டிய இயந்திரங்களைத் தானே வடிவமைத்துச் செய்துகொண்டவர். இந்த ஆறுகளில் எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறும் படகு ஒன்று வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. தண்ணீரைப் பீய்ச்சிப் படகை நகர்த்தும் யோசனை அவருக்கு முன்பே இருந்தது. 1787-லேயே ஜேம்ஸ் ரம்சி என்ற அமெரிக்கர் நீராவி பம்பு பூட்டிய படகு ஒன்றை பொட்டோமாக் ஆற்றில் ஓட்டிக் காட்டியிருந்தார். 1950-களின் தொடக்கத்தில் ஹாமில்டன் கையில் எடுத்ததும் அமெரிக்காவில் உருவான ஒரு பம்பு அமைப்பைத்தான். அது படகின் வயிற்றுக்குக் கீழே, தண்ணீருக்குள் பீய்ச்சியது. பன்னிரண்டு அடி ப்ளைவுட் படகில் அந்த முறையைப் பொருத்தி ஓட்டியபோது மணிக்கு சுமார் 18 கிலோமீட்டர் வேகம்தான் வந்தது.

அதன் பிறகு அவர் செய்த மாற்றம் மிகச் சிறியது. தண்ணீர் வெளியேறும் நாசிலைப் படகின் பின்பலகை வழியாக, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கொண்டுவந்தார். பீய்ச்சல் இப்போது காற்றுவெளியில் பாய்ந்தது. வேகம் மணிக்கு 27 கிலோமீட்டராக உயர்ந்தது.

இதைக் கேட்கும் பலருக்கு முதலில் நம்பிக்கை வராது. பின்னால் இருக்கும் தண்ணீரைத் தள்ளித்தானே படகு முன்னே போகிறது, காற்றில் பீய்ச்சினால் எதை உதைத்து நகரும் என்று மனம் கேட்கும். நியூட்டனின் மூன்றாம் விதி சொல்வது வேறு. படகு தன் வயிற்றுக்குள் வாங்கிய தண்ணீரைத்தான் பின்னோக்கி எறிகிறது. அப்படி எறியும்போதே, எறிந்த தண்ணீர் படகை முன்னோக்கித் தள்ளிவிடுகிறது. வெளியே போன பிறகு அது எதில் மோதினாலும், எதிலும் மோதாவிட்டாலும் படகுக்கு ஒன்றுதான். நாசில் மேலே வந்ததில் கிடைத்த லாபம், படகுக்கு அடியில் இழுவை உண்டாக்க எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்பது. அடிப்பாகம் வழவழவென்று ஆகிவிட்டது. வேகம் எடுத்து நீரின் மேல் எழும்பி ஓடத் தொடங்கியபின் சில அங்குலத் தண்ணீரே அதற்குப் போதும்.

1960-இல் ஹாமில்டன் படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யனின் கொந்தளிப்புகளை எதிர்த்து மேல்நோக்கி ஏறின. அதற்குமுன் எந்தப் படகும் செய்யாத காரியம் அது. 1977-இல் எவரெஸ்ட் நாயகர் எட்மண்ட் ஹில்லாரி ஜெட் படகு எனப்படும் இத்தகைய படகுகள் மூன்றுடன் நம் கங்கைக்கு வந்தார். கங்கா, கிவி, ஏர் இந்தியா என்பவை அப்படகுகளின் பெயர்கள். கங்காசாகரில் கடல்வாயிலிருந்து புறப்பட்டு, சமவெளியெல்லாம் கடந்து, இமயத்தில் நந்தப்பிரயாகை அருகே ஓர் அருவி வழிமறிக்கும்வரை அவை ஏறின. ஓட்டியவர்களில் ஒருவர் ஹாமில்டனின் மகன் ஜான். உலகப் பயணங்களில் இதற்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

ஆற்றுக்காகப் பிறந்த இந்தப் படகை, 1960-களிலும் 70-களிலும் அமெரிக்கர்கள், குறிப்பாக கலிஃபோர்னியாக்காரர்கள், ஏரியில் சீறும் வேகப்படகாக மாற்றினார்கள். பதினெட்டு அடி நீள ஃபைபர்கிளாஸ் உடல், அதில் ஏழு லிட்டருக்கும் மேற்பட்ட கொள்ளளவு கொண்ட ஃபோர்டு, செவ்ரொலே, ஓல்ட்ஸ்மொபைல் கார் எஞ்சின், பின்னால் பெர்க்லி அல்லது ஜக்கூசி நிறுவனத்தின் பம்பு. அந்தப் பழைய படகுகளை இன்றும் தேடி வாங்கிச் செப்பனிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. புதிதாக இதில் இறங்குகிறவர் பெரும்பாலும் எஞ்சினைப் பார்த்துத்தான் மயங்குகிறார். மூடியில்லாமல் குரோமியப் பளபளப்போடு நிற்பது அதுதான், உறுமுவதும் அதுதான். ஆனால் படகின் குணத்தைத் தீர்மானிப்பது பின்னால் ஒளிந்திருக்கும் பம்பு.

கிணற்று மோட்டாரைக் கழற்றி மாட்டிப் பழகிய விவசாயிக்கு இந்தப் பம்பு அந்நியமாகத் தெரியாது. சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர், அதைச் சுற்றி, தேய்மானத்தைத் தான் வாங்கிக்கொள்ளும் வேர் ரிங் என்ற வளையம், ஷாஃப்ட் வழியே தண்ணீர் கசியாமல் காக்கும் கிளாண்ட் கயிறு எல்லாம் இங்கும் உண்டு. வேறுபாடு வேகத்திலும் விசையிலும்தான். கிணற்றுப் பம்பு தண்ணீரை மேலே ஏற்றுகிறது. இது ஆட்களோடு ஒரு படகையே முன்னே உந்துகிறது. அந்த உந்துவிசையில் பெரும்பகுதியை ஷாஃப்டின் முன்முனையில் இருக்கும் ஒரு பேரிங் வாங்கிப் படகின் உடலுக்குக் கொடுக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பேரிங்கை நம்பித்தான் முழுப் படகும் ஓடுகிறது. அதற்குக் கிரீஸ் வைக்க மறந்துவிட்டால், மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டதில் பயனில்லை.

பம்பு எவ்வளவு சக்தியை விழுங்கும் என்பதில் ஒரு கண்டிப்பான கணக்கு இருக்கிறது. சுழற்சி வேகம் கூடினால், தேவைப்படும் சக்தி அதன் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். நிமிடத்துக்கு 4,000 சுற்றில் 250 குதிரைத்திறன் கேட்கும் பம்பு, 4,400 சுற்றில் ஏறத்தாழ 333 கேட்கும். பத்து விழுக்காடு வேகத்துக்கு முப்பத்து மூன்று விழுக்காடு கூடுதல் சக்தி. ஆகவே எஞ்சினைப் பெரிதாக்கினால் படகு அதே அளவுக்குப் பறக்கும் என்று எண்ணிப் பணத்தைக் கொட்டுகிறவர் ஏமாந்துபோவார். எஞ்சினின் திறனும் பம்பின் பசியும் எந்தச் சுற்றில் சமமாகின்றனவோ அங்கே சுற்று காட்டும் முள் நின்றுவிடும். அந்த இடத்தை மாற்றுவதற்கென்றே இம்பெல்லர்களை வெவ்வேறு விட்டத்தில் கடைந்து விற்கிறார்கள். விட்டம் குறைந்தால் சுமை குறையும், எஞ்சின் மேலும் சுற்றும்.

உந்துவிசையிலும் இப்படி ஒரு நுட்பம் உண்டு. நின்ற நிலையில் இருக்கும் படகு, நொடிக்கு 100 கிலோ தண்ணீரை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் எறிந்தால் 1,000 நியூட்டன் விசை கிடைக்கும். 50 கிலோவை 20 மீட்டர் வேகத்தில் எறிந்தாலும் அதே 1,000 நியூட்டன்தான். ஆனால் செலவாகும் ஆற்றல் இரண்டு மடங்கு. மெதுவாகப் போகும் ஜெட் படகு ப்ரொப்பெல்லர் படகைவிட அதிகம் எரிபொருள் குடிப்பது இதனால்தான். அது குறைந்த தண்ணீரை அதிக வேகத்தில் எறிகிறது. படகின் வேகம் பீய்ச்சலின் வேகத்தை நெருங்க நெருங்க வீணாவது குறையும். ஊர்ந்து போவதற்கு ஏற்ற வண்டி அல்ல இது.

இம்பெல்லருக்கும் வேர் ரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான் இருக்கவேண்டும். அந்த இடுக்கு வழியாகத்தான் அழுத்தம் ஏறிய தண்ணீர் திருட்டுத்தனமாகத் திரும்பி வழிகிறது. மணலும் பொடிக்கல்லும் உள்ளே போகப் போக இடுக்கு அகலும். எஞ்சின் முன்னைவிட அதிகம் சுற்றும், படகோ முன்னைவிட மெதுவாகப் போகும். இந்த இரண்டு அறிகுறிகளும் ஒன்றாக வந்தால் முதலில் சந்தேகப்படவேண்டியது வேர் ரிங்கை. அதை மாற்றும் செலவு, புது எஞ்சினுக்கு ஆகும் செலவோடு பார்த்தால் அற்பம்.

இன்னொரு எதிரி கொதித்தல். ஆம், குளிர்ந்த ஆற்றுத் தண்ணீர் பம்புக்குள் கொதிக்கும். 30 டிகிரித் தண்ணீர், அதன்மேல் உள்ள அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் இருபத்து நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். இம்பெல்லர் இலையின் உறிஞ்சும் பக்கத்தில் அவ்வளவு தாழ்ந்த அழுத்தம் உண்டாக முடியும். அங்கே முளைக்கும் ஆவிக் குமிழிகள் அழுத்தம் மிகுந்த பகுதிக்கு நகர்ந்ததும் நசுங்கி உடைகின்றன. ஒவ்வொரு உடைப்பும் உலோகத்தை ஊசிமுனை அளவு கொத்துகிறது. நாளடைவில் இலை அம்மைத் தழும்பு கண்டதுபோல் ஆகிவிடும். படகின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் வாயில் செடியோ பிளாஸ்டிக்கோ அடைத்திருந்தால் இது விரைவாக நடக்கும். பம்புக்குள் கூழாங்கல் உருளும் ஓசை கேட்டால் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, ஆழமான இடத்தில் எஞ்சினை அணைத்து, வாயைச் சுத்தம் செய்யவேண்டும். எஞ்சின் ஓடும்போது எந்தக் காரணத்துக்காகவும் அங்கே கையை விடக்கூடாது. நீண்ட தலைமுடியும் தொங்கும் கயிறும் அந்த உறிஞ்சலுக்கு அருகிலேயே வரக்கூடாது.

ஓட்டப் பழகும்போது முதலில் மனத்தில் பதிக்கவேண்டியது, இந்தப் படகில் சுக்கான் இல்லை என்பது. நாசில் திரும்புகிறது, பீய்ச்சல் திரும்புகிறது, அதனால் படகு திரும்புகிறது. பீய்ச்சல் இல்லையென்றால் திருப்பமும் இல்லை. எதிரே தடை தெரிந்தால் காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்புவது கார் ஓட்டிய எவருக்கும் வரும் பழக்கம். ஜெட் படகில் அப்படிச் செய்தால் அது நேராகப் போய் அந்தத் தடையிலேயே மோதும். விலகவேண்டுமானால் ஆக்சிலரேட்டரை அழுத்தியபடி திருப்பவேண்டும். அகலமான, ஆழமான, ஆளில்லாத நீர்ப்பரப்பில் இதைச் செய்து செய்து கைக்குப் பழக்கியபிறகே வேறொருவரை ஏற்றிக்கொள்ளலாம்.

பழைய பெர்க்லி படகுகளில் எஞ்சினும் பம்பும் நேராக இணைந்திருக்கும், கியர் கிடையாது. எஞ்சின் ஓடினால் தண்ணீர் பீய்ச்சும். நிறுத்தி வைக்க, நாசிலுக்குப் பின்னால் உள்ள வாளி போன்ற தடுப்பைப் பாதி இறக்குவார்கள். முழுதாக இறக்கினால் பீய்ச்சல் முன்பக்கம் மடங்கிப் படகு பின்னால் நகரும். வேகத்தில் அதை இறக்கினால் முகப்பு தண்ணீருக்குள் குத்திவிடும். எஞ்சினைத் தொடங்குவதும் கரையோரச் சேற்றில் கூடாது, இடுப்பளவாவது ஆழம் வேண்டும். ஆழமற்ற இடத்தைக் கடக்க நேர்ந்தால் வேகத்தோடு கடந்துவிடவேண்டும். நடுவில் தயங்கினால் படகு தாழ்ந்து அமர்ந்து கல்லை அள்ளி விழுங்கும். மற்ற எந்த வண்டியிலும் ஆபத்து தெரிந்தால் மெதுவாகப் போகச் சொல்வார்கள். இங்கே பாடம் வேறு என்பதால்தான், அனுபவம் உள்ளவர் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லித் தருவது அவசியமாகிறது.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது படகின் அடித்தளத்தில் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். எஞ்சின் மூடியிட்ட அறைக்குள் இருந்தால், தொடங்குவதற்குமுன் காற்றோட்ட விசிறியைக் குறைந்தது நான்கு நிமிடம் ஓடவிடவேண்டும். மோப்பம் பிடித்தும் பார்க்கவேண்டும். கார் கடையில் கிடைக்கும் ஸ்டார்ட்டரையும் ஆல்டர்னேட்டரையும் விலை குறைவென்று மாட்டுவது உயிரோடு விளையாடுவது. படகுக்கான பாகங்கள் பொறி வெளியே வராதபடி மூடிச் செய்யப்பட்டவை. ஓட்டுநர் தூக்கியெறியப்பட்டால் எஞ்சினை அணைக்கும் கயிற்றை உடலில் மாட்டியிருக்கவேண்டும். 26 அடிக்குக் குறைந்த பெரும்பாலான படகுகளில் இதை 2021 ஏப்ரல் முதல் அமெரிக்கச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது.

கரைக்கு வந்தபிறகும் வேலை இருக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரும் அந்தப் பம்பிலிருந்துதான் வருகிறது. ஆற்று மணலோ கடல் உப்போ எஞ்சினின் நரம்புகளிலும் தங்கியிருக்கும். குழாய் மாட்டி நல்ல தண்ணீரால் கழுவும்போது வரிசை முக்கியம். முதலில் எஞ்சினைத் தொடங்கி, பிறகு குழாயைத் திறக்கவேண்டும். முடிக்கும்போது முதலில் குழாயை மூடி, பிறகு எஞ்சினை நிறுத்தவேண்டும். மாற்றிச் செய்தால் தண்ணீர் புகைபோக்கி வழியாக சிலிண்டருக்குள் ஏறலாம். தண்ணீர் அழுந்தாது, எஞ்சினின் தண்டுதான் வளையும். எண்ணெய் பால்நிறமாகத் தெரிந்தால் எங்கோ தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள், அதோடு ஒரு நிமிடமும் ஓட்டக்கூடாது. கிளாண்ட் கயிற்றிலிருந்து ஓடும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவது குறையல்ல. அந்தச் சொட்டுதான் ஷாஃப்டைக் குளிர்விக்கிறது. சொட்டே விழாதபடி இறுக்கியவர்கள் ஷாஃப்டைத் தேய்த்துக் கெடுத்திருக்கிறார்கள். குளிர்நாட்டில் பனிக்காலத்துக்குமுன் எஞ்சினிலுள்ள தண்ணீரை முழுதும் வடித்துவிடவேண்டும். உறையும் தண்ணீர் ஒன்பது விழுக்காடு விரிந்து, வார்ப்பிரும்பையே பிளந்துவிடும்.

பழைய படகு வாங்கப் போகிறவருக்கு என் வேண்டுகோள் இதுதான். எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்குமுன் படகுக்குக் கீழே குனிந்து, உறிஞ்சும் வாய்க்குள் டார்ச் அடித்து இம்பெல்லரின் விளிம்புகளைப் பாருங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது, அதனோடு உள்ள இணைப்பைக் கழற்றிவிட்டு, ஷாஃப்டைக் கையால் சுற்றி, பேரிங் கரகரக்கிறதா என்று உணருங்கள். பின்பலகையைத் தட்டுங்கள். ஃபைபர்கிளாசுக்குள் இருக்கும் மரம் உளுத்திருந்தால் மந்தமான ஓசை வரும், அப்படிப்பட்ட படகை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உடலும் பம்பும் நன்றாக இருந்து எஞ்சின் மட்டும் களைத்திருந்தால் துணிந்து வாங்கலாம். முதல் ஆண்டு அதன் குதிரைத்திறனைக் கூட்ட ஒரு ரூபாயும் செலவழிக்காமல், அந்தப் பணத்தை வேர் ரிங்குக்கும் பேரிங்குக்கும் நல்ல உயிர்காப்பு உடுப்புக்கும் போடுங்கள்.